குணேஸ்வரி டீச்சரின் கல்யாணக் கேசட்டுகள்

கொண்டையிலிருந்து ஊசியை உருவி, வீடியோ கேசட்டின் முதுகில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் நாக்கை நெம்புகிறார் குணேஸ்வரி டீச்சர். அது ‘டக்’ என்று ஒடிகிறது. ஒடிந்த துண்டை அவர் குப்பையில் போடுவதில்லை. கைப்பையில் இருக்கும் பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடுகிறார். ஊசி மறுபடி கொண்டைக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் வகுப்பைப் பார்த்துக் “குட் மார்னிங்.” அதுவரைக்கும் படிவம் நான்கு ‘ஈ’ வகுப்பின் முப்பத்தெட்டுப் பேரும் நின்றபடியே இருக்க வேண்டும். நாக்கு ஒடிந்த கேசட்டில் எந்த இயந்திரமும் புதிதாக எதையும் பதியாது. உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் டீச்சர் யாரையும் நம்புவதில்லை, தன்னையும் சேர்த்துத்தான்.

வயது நாற்பத்தாறு. கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். தினமும் காலையில் மஞ்சள் டாட்சனில் ஃபெடரல் ஹைவேயைப் பிடித்து, பெட்டாலிங் ஜெயா நெரிசலில் அரைமணி நேரம் நகராமல் நின்று, முணுமுணுத்துக்கொண்டே வந்து சேருவார். முன் இருக்கையில் ஆள் இருக்காது. அங்கே துவாலையில் சுற்றிய கேசட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. வெயில் பட்டால் நாடா சுருங்கிவிடுமாம். தனக்கு மட்டும் பெல்ட் போட மறந்துவிடுவார்.

அப்பா கந்தப்பு ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பள்ளிக்கூடத்தில் டெலிவிஷன் வைத்துப் பாடம் நடத்துவது அவருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. “படம் காட்டவோ உனக்குச் சம்பளம் தருகினம்?” என்று சோற்றில் கை வைத்தபடி கேட்பார். “ஓம் அப்பா, படம் காட்டத்தான்” என்று சொல்லிவிட்டு டீச்சர் ரசத்தை ஊற்றுவார். வீட்டில் இப்படி யாழ்ப்பாணத் தமிழ்தான் ஓடும். பள்ளியில் அது வாயைத் திறக்காது. பணியில் சேர்ந்த முதல் மாதம், ஒரு மாணவன் கேட்டதற்கு “ஓம்” என்று வாய் தவறிச் சொல்லப்போய், பின் வரிசை முழுவதும் மந்திரம் கேட்டதுபோல் கையெடுத்துக் கும்பிட்டது. அன்றிலிருந்து மாணவர்களிடம் ஆங்கிலம், அலுவலகத்தில் மலாய். ஆங்கிலத்தில் நிமிர்ந்து பேசுகிற அதே மனுஷி, தமிழ் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தங்கள் ஆங்கிலத்துக்குக் கூச்சப்படும் பிள்ளைகளின் வயிற்றில் என்ன ஓடும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கல்யாணங்களுக்குப் போவதில்லை என்பது அவருடைய இன்னொரு வழக்கம். இருபத்தைந்து வயதில் போனபோது “உனக்கு எப்ப?” என்று கேட்டார்கள். முப்பத்தைந்தில் போனபோது கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்காமல் பார்த்த அந்தப் பார்வை கேள்வியைவிட மோசம். அதற்குப் பிறகு மொய்க்கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார். ஆனால் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த கல்யாணங்களில் பாதியை அவர் பார்த்திருக்கிறார். எந்த மாமா தாலித் தட்டைக் கவிழ்க்கப் பார்த்தார், எந்த அத்தை பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்தாள் என்றெல்லாம் சத்தியம் பண்ணிச் சொல்வார். எல்லாம் கேசட்டில் பார்த்தது, அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு.

அது தொடங்கியது ஒரு விபத்தில். மேலிடத்திலிருந்து பள்ளிக்கு வந்த பாடக் கேசட்டுகளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தபால் நிலையத்துக்குப் போய் ஸ்டாம்ப் வாங்குவார்கள். பிறகு தேநீர் குடிப்பார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசுவார்கள். நான்கு ‘ஈ’ என்பது அந்தப் படிவத்தின் கடைசி வகுப்பு. பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள், கொஞ்சம் மலாய்ப் பிள்ளைகள், நாலைந்து சீனப் பிள்ளைகள். மூன்று மாதம் அந்தத் தம்பதி ஸ்டாம்ப் வாங்கியும் வகுப்பில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு நாள் இயந்திரம் பொறுமை இழந்து வெள்ளைக்காரர் இருவரையும் மென்று துப்பிவிட்டது. நாடா குடல் குடலாக வெளியே வந்தது. இன்னும் முப்பது நிமிடப் பாடம் பாக்கி. அப்போதுதான் தங்கமணி என்ற மாணவியின் பையில் அவளுடைய அக்கா தெய்வானையின் கல்யாணக் கேசட் இருப்பது தெரிந்தது, தோழிக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தாள். சரி, அதைப் போடு என்றார் டீச்சர்.

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கியதுதான் தாமதம், வகுப்பு வெடித்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். சியூ லிங் என்ற சீனப் பெண், “டீச்சர், ஒய் தே வாஷ் ஹிஸ் லெக்?” என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு ஏன் காலைக் கழுவுகிறார்கள் என்று அவளுக்கு விளங்க வேண்டும், டீச்சரோ அதை வகுப்புதான் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும் என்றார். மூன்று மாதமாக ஊமையாக இருந்தவர்கள் முட்டி மோதிக்கொண்டு எழுந்தார்கள். தமிழிலோ மலாயிலோ ஒரு சொல் வந்தால் டீச்சர் ‘பாஸ்’ பொத்தானை அழுத்திவிடுவார். படம் நடுங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் வாக்கியம் முடிந்தால்தான் கல்யாணம் நகரும். அந்த வாக்கியங்களின் இலக்கணத்தை எழுதினால் தாள் தாங்காது. டீச்சர் அன்று ஒன்றையும் திருத்தவில்லை. மணி அடித்த பிறகும் வகுப்பு எழுந்து போகவில்லை என்று சொல்லிச் சொல்லி ஆசிரியர் அறையில் எல்லாருடைய உயிரையும் வாங்கினார்.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, “குணா, இது இங்கிலீஷ் வகுப்பா, கல்யாண மண்டபமா?” என்று கேட்டார். “வந்து உட்கார்ந்து பாருங்கள்” என்றார் டீச்சர். அவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாதியில் தன்னையறியாமல் “அந்தக் கிழவர் யார்?” என்று கேட்டார். நாலு பேர் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

பாட முறையும் மெல்ல மெல்லப் படிந்துவிட்டது. முதல் வாரம் சத்தம் இல்லாமல் வெறுமனே பார்ப்பது. இரண்டாவது வாரம் நிறுத்தி நிறுத்தி எழுதுவது. ஒரு பகுதியை முப்பத்தெட்டுத் துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு. தன் துண்டில் யார் என்ன செய்கிறார், எங்கே பார்க்கிறார், கை எங்கே இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதியாக வேண்டும். “லுக் அகெய்ன்” என்பார் டீச்சர். நாள் முழுக்க அதுதான் மந்திரம். மூன்றாவது வாரம் நோட்டை மூடிவிட்டு, ஓடுகிற படத்துக்கு வரிசையாகப் பேச வேண்டும். எடுத்துக்கொண்டது தெய்வானையின் கல்யாணத்தில் தாலி கட்டும் இடம், பதினொரு நிமிடம்.

மூன்றாவது வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, டீச்சர் வீட்டில் அந்தக் கேசட்டை ஓட்டி, தாலித் தட்டு சபைக்குள் புறப்படும் இடத்தில் சரியாக நிறுத்தி, திங்கட்கிழமைக்குத் தயாராக இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவைத்தார். அதே இயந்திரத்தில், ஞாயிறு மதியம் டெலிவிஷனில் வரும் பென்குயின் பற்றிய ஆங்கிலப் படத்தைப் பதிவதற்கு ஏற்கெனவே டைமர் வைத்திருந்தார். வைத்தது அடியோடு மறந்துபோயிற்று. ஞாயிறு அவர் அப்பாவோடு அம்பாங்கில் உறவினர் வீட்டில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இயந்திரம் சொன்ன சொல் தவறாமல் வேலையைச் செய்தது. பதினொரு நிமிடத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் கரண்ட் போயிற்று. போகாமல் இருந்திருந்தால் பந்தியும் போயிருக்கும்.

திங்கட்கிழமை வகுப்பில், நாடா நின்ற இடம் தள்ளிப்போயிருப்பதைக் கண்டு பின்னே சுற்றிப் போட்டபோது, தாலித் தட்டு புறப்பட வேண்டிய இடத்தில் பனிமலை வந்தது. பென்குயின்கள் வரிசையாக நடந்தன. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தங்கமணி சிரிக்கவில்லை. டீச்சர் நாடாவை முன்னே ஓட்டினார், பென்குயின். இன்னும் ஓட்டினார், பென்குயின். அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பந்தி.

மணி அடித்த பிறகு தங்கமணி வந்து நின்றாள். “பரவால்ல டீச்சர்,” என்றாள். குரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “அம்மாதான்… வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வெளக்கேத்திட்டு அதத்தான் போட்டுப் பாப்பாங்க. அந்த எடத்த மட்டும்தான்.”

“ஒவ்வொரு வெள்ளியுமா?”

“அப்பா இல்லல்ல டீச்சர். அதனால அம்மா மணவறைக்கு வரல. மாமாதான் தார வாத்தாரு. அம்மா பின்னால கிச்சன்ல இருந்தாங்க. அக்கா கல்யாணத்த அவங்க டிவியிலதான் பாத்தாங்க.”

டீச்சருக்கு அப்போதுதான் தான் எதை அழித்தோம் என்பது விளங்கிற்று. தாலி கட்டும் நேரத்தில் கைம்பெண் முன்னால் நிற்கக் கூடாது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். தங்கமணியின் அம்மா மாரியாயி தானாகவே சமையல்கட்டுக்குப் போயிருப்பாள். அப்படி ஒதுங்கி நின்ற ஒருத்தி கண்ணால் கண்டது அந்தப் பதினொரு நிமிடம் மட்டுமே. அதன்மேல் அவர் பென்குயினை நடக்கவிட்டிருக்கிறார். பாடத்துக்காக இரண்டு வெள்ளி விட்டுக்கொடுத்தவள் மூன்றாவதற்குக் காத்திருப்பாள். வெள்ளிக்கு நாலு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வீடியோ எடுத்த விஜயனைத் தேடிக் கிள்ளான் பழைய பட்டணத்துக்குப் போனார். கடைக்குள் ஒரே ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க மணமக்கள். “மாஸ்டர் டேப்பா?” என்று விஜயன் தலையைச் சொறிந்தான். “அதுக்கு மேல மூணு கல்யாணம் ஏத்தியாச்சு டீச்சர். டேப்பு என்னா மரத்துலயா காய்க்குது? சாரி லா.” மாப்பிள்ளை வீட்டில் பிரதி இருக்குமா என்று விசாரித்தார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிரதிதான் போட்டிருந்தார்கள். புதன்கிழமை தங்கமணி, “கேசட் ரிப்பேர்ல இருக்குன்னு சொல்லிடறேன் டீச்சர், அம்மா நம்பிடுவாங்க” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் டீச்சருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. “அந்த வேலையே வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தார்.

வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். மனம் ஒட்டவில்லை. முதல் நோட்டு: தட்டு முன்வரிசைக்கு வருகிறது, மாமா இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இரண்டாவது நோட்டு: நீலப்புடவை அத்தை தட்டைத் தொடவில்லை, பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிறாள். மூன்றாவது: ஐயர் மேளக்காரரைத் தேடுகிறார். நாலாவது, ஐந்தாவது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, முப்பத்தெட்டு நோட்டையும் வரிசைப்படி அடுக்கிப் படித்தார். பதினொரு நிமிடமும் அங்கே இருந்தது. பிழைகளோடு இருந்தது, ஆனால் ஒன்று விடாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் விடும். காப்பார் சாலையில் இருந்த மாரியாயியின் வீட்டுக்கு டாட்சனிலும் பஸ்ஸிலுமாக இருபத்திரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். வர முடியாதவர்களின் துண்டுகளை வந்தவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள். கையுறைத் தொழிற்சாலை கேன்டீனில் சமைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த மாரியாயி, வாசலில் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

“என்னாங்க டீச்சர், தங்கமணி எதும் பண்ணிருச்சா?”

வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்த நாகரிகமான தமிழ் டீச்சருக்கு அந்த வாசலில் உதவவில்லை. வீட்டுத் தமிழ்தான் வந்தது. “அவள் ஒண்டும் செய்யேல்லை அம்மா. பிழை என்ரது. உங்கட மகளின்ர கல்யாணக் கேசட்டை நான் அழிச்சுப் போட்டன். தாலி கட்டுற இடம் முழுக்கப் போயிட்டுது.”

இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

“தாலி கட்டுறதா,” என்றாள் மாரியாயி. பிறகு, “உக்காருங்க டீச்சர், தண்ணி கலக்குறேன்” என்று உள்ளே போனாள். கிளாஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வெளியே வரும்போது மாரியாயி முகம் கழுவியிருந்தாள். தட்டில் மைலோ நாலு கிளாஸ்தான் இருந்தது, ஆட்களை எண்ண மறந்துவிட்டாள்.

“பிள்ளையள் ஒண்டு சொல்ல வந்திருக்கினம்,” என்றார் டீச்சர். “கேட்டுப் பாருங்கோ.”

கேசட்டைப் போட்டுச் சத்தத்தை அணைத்தார்கள். நேரத்தை அளக்க வேறு கருவி இல்லாததால் பென்குயின்களே ஓடின. எழுதியது ஆங்கிலம், சொல்ல வேண்டியது மாரியாயி பேசும் தமிழ். டீச்சரால் அந்தத் தமிழில் சொல்ல முடியாது, பிள்ளைகளால் முடியும். “தட்டு முன்னுக்கு வருது ஆன்டி. மாமா ரெண்டு வெரலால தொட்டுக் கும்புடுறாரு,” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அடுத்தவன், “நீலச் சீல அத்த புள்ளைக்கு மூக்கத் தொடைக்குது” என்றான். திரையில் ஒரு பென்குயின் வழுக்கி விழுந்தது. “இது என்னா வாத்து, கோட்டு போட்ட மாதிரி,” என்றாள் மாரியாயி. வீடே சிரித்தது, அவளும் சிரித்தாள். தட்டு நகர்ந்தது. ஐயர் மேளக்காரரைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மூன்று முடிச்சையும் மூன்று பேர் சொன்னார்கள். மாரியாயி திரையைப் பார்க்கவில்லை, சொல்கிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த துண்டு சியூ லிங்குடையது. தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அந்த இடத்தில் தாலியையே பார்த்து எழுதியிருந்தார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாத சியூ லிங் மட்டும் மணப்பெண்ணின் கண்ணைப் பார்த்திருந்தாள். அவள் மாரியாயியிடம் நேராக மலாயில் சொன்னாள்: “டியா ச்சாரி ஓராங், மக்சிக்.” அவள் யாரையோ தேடுகிறாள், ஆன்டி. “தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்க்கிறாள். ஆள் இல்லை. மறுபடி பார்க்கிறாள். பிறகு குனிந்துவிட்டாள்.”

சியூ லிங்கின் கை இடது பக்கம் நீண்டிருந்தது. மாரியாயி அந்தக் கை காட்டிய திசையைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே தன் வீட்டுச் சுவர்தான் இருந்தது என்றாலும்.

“அது சமையக்கட்டு வாசப் பக்கம்,” என்றாள். “திரைக்குப் பின்னால நாந்தான் நின்னேன், பருப்புக் கரண்டியோட. தலைய நீட்டல. நல்ல நேரத்துல எதுக்குன்னு நின்னுட்டேன்.” டீச்சர் பக்கம் திரும்பினாள். “இத்தன வாட்டி பாத்தேன் டீச்சர், தாலியத்தான் பாத்தேன். அவ என்னயப் பாத்தது தெரியாமப் போச்சு. அந்தப் புள்ளைய இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க.”

சியூ லிங் இன்னொரு தரம் சொன்னாள். பென்குயின்கள் கடலுக்குள் குதித்து முடிகிற வரைக்கும் மாரியாயி அழுதாள். தங்கமணி அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். புறப்படும்போது மாரியாயி கேசட்டை எடுத்து டீச்சரின் கையில் வைத்து, “ஒங்ககிட்டயே இருக்கட்டும், புள்ளைங்க படிக்கட்டும்” என்றாள். டீச்சர் அங்கேயே கொண்டை ஊசியை உருவி அதன் நாக்கை ஒடித்தார். பவுடர் டப்பாவில் முதலில் விழுந்த துண்டு அதுதான்.

இப்போது டப்பா பாதி நிறைந்துவிட்டது. மலாய்க் கல்யாணம், சீனக் கல்யாணம், காதுகுத்து, பத்துமலைக்குக் காவடி எடுத்தது என்று பெற்றோர்களே கேசட்டைக் கொடுத்தனுப்புகிறார்கள். தங்கமணி இப்போது ஐந்தாம் படிவம். போன தைமாதம் அவள் நடு அக்கா பாக்கியத்தின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மொய்க்கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பப் பார்த்தார் டீச்சர். “அம்மா உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க” என்று அவள் நகராமல் நின்றாள். பத்து வருடமாகப் பீரோவில் மடித்துக் கிடந்த பட்டுப் புடவை வெளியே வந்தது. கந்தப்பு மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “படம் பாக்கவோ போறாய்?” என்று கேட்டார்.

தெய்வானையின் கல்யாணம் நடந்த அதே கோயில் மண்டபம், அதே விஜயன், தோளில் அதே காமிரா. டீச்சர் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் யார் பார்வையையும் கவனிக்கவில்லை. மேளம் கொட்டிற்று. மூன்றாவது முடிச்சு விழுந்தது. எல்லாரும் அட்சதையை வீச, பாக்கியம் தலையைத் தூக்கி இடது பக்கம் பார்த்தாள். சமையல்கட்டு வாசலில் திரை ஒதுங்கிற்று. கரண்டியும் கையுமாக மாரியாயி தலையை நீட்டினாள்.

“டீச்சர், மாப்பிள்ள இங்க இருக்காரு லா,” என்று விஜயன் முனகினான். டீச்சர் அவனுடைய முழங்கையை இறுகப் பிடித்து, காமிராவை அந்த வாசல் பக்கம் திருப்பினார். அவருடைய மறு கையில் அட்சதை வீசாமல் அப்படியே இருந்தது.